பைபாஸில் தினமும் 80 கிலோமீட்டர்... வண்டியா, பஸ்ஸா? ஒரு வீட்டுக் கணக்கு!

ராத்திரி சாப்பாடு முடிந்து தட்டைக்கூட எடுக்கவில்லை. அதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"அம்மா, வண்டி எடுத்துடலாம்மா. முன்பணம் மட்டும் கொடுங்க. மாசத் தவணையை நான் கட்டிக்கிறேன்."

"நாப்பது கிலோமீட்டர்டா. அதுவும் பைபாஸ்ல. லாரியும் ஆம்னி பஸ்ஸும் போற ரோடு."

"எல்லாரும்தாம்மா போறாங்க."

"இன்னாத்துக்குடா இப்போ வண்டி? பஸ்சு ஓடலியா, ரயிலு ஓடலியா?" - இது வாசலில் காற்றுக்கு உட்கார்ந்திருந்த ஆயா.

அப்பா மட்டும் எதுவும் பேசவில்லை. நேற்றைய காலண்டர் தாளை எடுத்து, பின்பக்கம் பேனாவால் நடுவில் ஒரு கோடு போட்டார். இடது பக்கம் 'வண்டி', வலது பக்கம் 'பஸ்'.

இந்தக் குடும்பம் கற்பனைதான். ஆனால், இந்தப் பேச்சு கற்பனை இல்லை. திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் வேலை என்று இருக்கிற வீடுகளிலும், விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் வேலை என்று இருக்கிற வீடுகளிலும், பிள்ளை முதல் சம்பளம் வாங்கிய மாதத்தில் கட்டாயம் வந்து நிற்கிற பேச்சு இது. நம் கணக்குக்கு, விழுப்புரம் நேருஜி ரோட்டில் ஒரு செல்போன் கடையில் அந்தப் பையனுக்கு வேலை, மாதம் 15,000 ரூபாய் சம்பளம், 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். அப்பா போட்ட கணக்கை நாமும் கூடவே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் வண்டி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டிப் போகிற சென்னை - திருச்சி நெடுஞ்சாலை. போக வர 80 கிலோமீட்டர்.

லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி என்றால், ஒரு நாளைக்கு 1.6 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வட்டமாகப் போட்டாலே நாளுக்கு 160 ரூபாய். 26 நாளுக்கு 4,160 ரூபாய்.

"அவ்ளோதானே, சமாளிச்சுடலாம்ப்பா" என்றான் பையன்.

அப்பா பேனாவைக் கீழே வைக்கவில்லை. ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாய் வண்டியை மூன்று வருடத் தவணையில் எடுத்தால், மாதம் 3,000 ரூபாயாவது கட்ட வேண்டும். மாதத்துக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வண்டிக்கு ஆயில், சர்வீஸ், செயின், டயர் எல்லாம் சீக்கிரம் சீக்கிரம் வரும். அதற்கு மாதம் 500 ரூபாய் ஒதுக்கினார். ஆக மொத்தம் 7,660 ரூபாய்.

15,000 ரூபாய் சம்பளத்தில் பாதிக்கு மேல் வண்டிக்கே போகிறது. வேலைக்குப் போவதற்காக வண்டி வாங்கி, கடைசியில் வண்டிக்காக வேலைக்குப் போகிற கதைதான்.

"அப்போ எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுத்தா?" என்று தங்கச்சி குறுக்கே கேட்டாள். நியாயமான கேள்வி. பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் சார்ஜ் செலவு மிகக் குறைவுதான். ஆனால், இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் சொல்கிற கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டும்போது கிடைக்காது. போக வர 80 கிலோமீட்டர் என்றால், விழுப்புரத்தில் கடையிலேயே சார்ஜ் போட வசதி இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது விஷயம், பெட்ரோல் பிரச்னை தீர்ந்தாலும் பைபாஸ் பிரச்னை அப்படியேதான் இருக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

மாமா சொன்ன பழைய கார்

அந்த நேரம் பார்த்து போன் போட்ட மாமா, "ஏன் மச்சான், செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் பார்த்துடலாமே" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வீடே கேட்டது.

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிற கார் என்றால், 80 கிலோமீட்டருக்கு 5.3 லிட்டர். நாளுக்கு 530 ரூபாய். மாதத்துக்கு 13,780 ரூபாய். இது பெட்ரோலுக்கு மட்டும். வழியில் விக்கிரவாண்டி டோல்கேட் இருக்கிறது. இருசக்கர வண்டிக்கு அங்கே கட்டணம் இல்லை, காருக்கு உண்டு. 2025 ஆகஸ்ட் 15-ல் சொந்த கார்களுக்கு 3,000 ரூபாயில் ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் அறிமுகமானது. ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். தினமும் போய் வருகிறவருக்கு மாதம் 52 முறை ஆகிவிடும். நான்கு மாதம் முடிவதற்குள் பாஸ் தீர்ந்துவிடும். அப்படியும் ஒரு முறைக்கு ஏறக்குறைய 15 ரூபாய்தான் விழுகிறது என்பதால், கார் வைத்திருப்பவர்களுக்கு அது லாபம்தான்.

ஒரே அலுவலகத்துக்குப் போகிற நான்கு பேர் சேர்ந்து போனால் கார் கட்டுப்படியாகும். தனி ஆளாகப் போனால், சம்பளத்தை வாங்கி நேராக பெட்ரோல் பங்க்கில் கொடுத்துவிட்டு வரலாம். மாமாவுக்கு அப்பா பதில் சொல்லவில்லை. "சரி, வெச்சிடறேன்" என்று போனை வைத்தார்.

இப்போது பஸ்

விழுப்புரத்துக்கும் அரசு பஸ்ஸுக்கும் பழைய உறவு. 1975-ல் விழுப்புரத்தைத் தலைமையிடமாக வைத்துத்தான் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. 1997-ல் தலைவர்கள் பெயரிலிருந்த கழகங்களுக்கெல்லாம் 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்ற ஒரே பெயர் வந்தது. ஆயா மாதிரி ஆட்களுக்கு அது இன்னமும் 'பெரியார் பஸ்'தான்.

2018 ஜனவரியில் பஸ் கட்டணத்தை உயர்த்தி, அந்த மாதக் கடைசியிலேயே கொஞ்சம் குறைத்தார்கள். அதன்படி வெளியூர் போகிற சாதாரண பஸ்ஸில் கிலோமீட்டருக்கு 58 பைசா, எக்ஸ்பிரஸில் 75 பைசா. 40 கிலோமீட்டருக்கு எக்ஸ்பிரஸில் 30 ரூபாய். டோல்கேட் கட்டணம் மாதிரியான சில்லறைகளைச் சேர்த்து அப்பா 35 ரூபாய் என்று போட்டார்.

போக வர 70 ரூபாய், மாதத்துக்கு 1,820 ரூபாய். விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து நேருஜி ரோட்டுக்கு ஷேர் ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ, போக வர 20 ரூபாய் என்றால் மாதம் 520. ஆக 2,340 ரூபாய்.

காலண்டர் தாளில் இடது பக்கம் 7,660. வலது பக்கம் 2,340. பையன் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

நாட்டுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. ஒரு அரசு பஸ் லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் ஓடும். 40 கிலோமீட்டருக்கு 8 லிட்டர். அதில் 50 பேர் உட்கார்ந்து போகலாம். அந்த 50 பேரும் ஆளுக்கொரு வண்டியில் போனால், அதே தூரத்துக்கு 40 லிட்டர் பெட்ரோல். ஐந்து மடங்கு!

ரயில்தான் மலிவு... ஆனால்!

திண்டிவனம் ஸ்டேஷனில் ஏறினால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், அடுத்து விழுப்புரம் ஜங்ஷன். கொரோனா காலத்தில் பாசஞ்சர் ரயில்களில் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆனது. 2024 பிப்ரவரியில் அது மறுபடியும் 10 ரூபாய்க்கு வந்தது. போக வர 20 ரூபாய், மாதத்துக்கு 520 ரூபாய். தினமும் ஒரே ரூட்டில் போகிறவர்கள் சீசன் டிக்கெட் எடுத்தால் அதைவிடவும் குறையும். ஸ்டேஷனில் இறங்கினால் விழுப்புரம் கடைத்தெருவுக்கு நடந்தே போய்விடலாம்.

இவ்வளவு மலிவாக இருக்கிறதே, அப்புறம் என்ன யோசனை?

நேரம்தான். பாசஞ்சர் ரயில்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததுக்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். காலையில் வேலைக்குப் போகிற நேரம், ராத்திரி கடை அடைக்கிற நேரம் இரண்டுக்கும் ரயில் ஒத்து வந்தால் அதைவிட நல்ல பயணம் கிடையாது. ஒத்து வரவில்லை என்றால் 10 ரூபாய் டிக்கெட்டால் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாசஞ்சருக்கு எடுத்த 10 ரூபாய் டிக்கெட்டோடு, முன்னால் வந்து நிற்கிற எக்ஸ்பிரஸில் ஏறக் கூடாது. எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாத பெட்டிக்குக் குறைந்தபட்சம் 30 ரூபாய் டிக்கெட். சூப்பர் ஃபாஸ்ட் என்றால் அதற்குமேல் 15 ரூபாய். சரியான டிக்கெட் இல்லாமல் பரிசோதகரிடம் மாட்டினால் அபராதமே குறைந்தது 250 ரூபாய். ஒரு மாத டிக்கெட் காசில் பாதி ஒரே நாளில் போய்விடும். ரயில்வேயின் 'ரயில்ஒன்' செயலியில் முன்பதிவில்லாத டிக்கெட்டும் எடுக்கலாம், ரயில் எங்கே வருகிறது என்றும் பார்க்கலாம். கவுன்ட்டர் வரிசையில் நின்று ரயிலைக் கோட்டைவிடுகிற கஷ்டம் மிச்சம்.

நேரத்தையும் காசாகப் போடுங்கள்

"காசு கம்மிதான்ப்பா. ஆனா, வண்டின்னா ஒரு மணி நேரத்துல கடை வாசல்ல நிப்பேன். பஸ்ஸுன்னா ஒன்றரை மணி நேரமாவது ஆகும். லேட்டா போனா அரை நாள் சம்பளம் கட்."

பையன் சொல்வது உண்மை. பஸ் பயணம் என்பது பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற நேரம் மட்டும் இல்லை. வீட்டிலிருந்து பஸ் ஏறும் இடத்துக்கு வருகிற நேரம், பஸ்ஸுக்கு நிற்கிற நேரம், இறங்கிய பிறகு ஷேர் ஆட்டோ நிரம்புகிற நேரம் எல்லாம் சேர்ந்ததுதான் பஸ் பயணம். சில தொலைதூர பஸ்கள் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். வெள்ளி, ஞாயிறு சாயங்காலங்களில் சென்னை கூட்டம். பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம். பொங்கல், தீபாவளி என்றால் கேட்கவே வேண்டாம், நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் போனால், மாதத்துக்கு 26 மணி நேரம். அதற்கும் ஒரு விலை உண்டு. பஸ்ஸில் போனால் மிச்சமாகிற 5,000 சொச்சம் ரூபாயை அந்த 26 மணி நேரத்தால் வகுத்தால், ஒரு மணி நேரத்துக்கு 200 ரூபாய் வருகிறது. கடையில் 10 மணி நேரம் நின்றால் கிடைக்கிற சம்பளம் மணிக்கு 60 ரூபாய்கூட இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து வருகிற ஒரு மணி நேரம், கடையில் நிற்கிற மூன்று மணி நேரத்துக்குச் சமமாக மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது!

'லேட்டானால் கட்' என்பதற்கு வேறு ஒரு வழி இருக்கிறது. முதலாளியிடம் போய், "அண்ணே, நான் திண்டிவனத்துலேர்ந்து வர்றேன். காலையில கால் மணி நேரம் முன்ன பின்ன ஆகும், சாயங்காலம் அதைச் சேர்த்துப் பார்த்துடறேன்" என்று ஒரு முறை கேட்டுவிடுவது. கேட்கத் தயங்குகிற பிள்ளைகள்தான் அந்தப் பத்து நிமிடத்தைப் பிடிக்க பைபாஸில் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறார்கள்.

அம்மா பயப்படுவது எதற்காக?

இந்த இடத்தில்தான் அம்மா வாயைத் திறந்தார். "காசை விடுங்க. அந்த ரோட்டுல தினமும் போய் வரணுமே..."

அம்மாவின் பயத்துக்குப் பின்னால் கசப்பான எண்கள் இருக்கின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அதாவது 100-க்கு 44 பேர். பஸ்ஸில் போனவர்கள் 100-க்கு மூன்று பேர்கூட இல்லை. அதே வருடம் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் இறந்தார்கள். உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம்.

சாலையில் இருசக்கர வண்டிகள்தான் அதிகம், அதனால் எண்ணிக்கையும் அதிகம் என்று சொல்லலாம். அதுவும் ஓரளவுக்கு உண்மைதான். ஆனால், பஸ்ஸில் போகிறவரைச் சுற்றி இரும்புக்கூடு இருக்கிறது. வண்டியில் போகிறவருக்கு ஹெல்மெட் மட்டும்தான். பைபாஸில் மோதுவது சைக்கிளோ ஆட்டோவோ இல்லை, 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற லாரி. 10 மணி நேரம் கடையில் நின்றுவிட்டு, எதிர் வண்டியின் ஹெட்லைட் கண்ணில் அடிக்க, தூக்கக் கலக்கத்தோடு 40 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வருவதை நினைத்துத்தான் அம்மா பயப்படுகிறார்.

இந்தச் சாலையோடு சேர்ந்த இன்னொரு செய்தியும் உண்டு. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவசமாக சிகிச்சை அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், 2021 டிசம்பர் 18-ம் தேதி, திண்டிவனத்துக்குப் பக்கத்திலிருக்கிற மேல்மருவத்தூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இதே சாலையில்தான் இருக்கிறது. யாராவது அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தால், செலவு யார் கொடுப்பது என்று தயங்காமல் 108-க்கு போன் செய்யலாம்.

வண்டிதான் ஒரே வழி என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ.எஸ்.ஐ முத்திரையுள்ள ஹெல்மெட், அதுவும் பட்டியை மாட்டி. பின்னால் உட்கார்கிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். தமிழ்நாட்டில் ஹெல்மெட் இல்லாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். 18 வயது ஆகாத பிள்ளையிடம் கியர் வண்டியைக் கொடுத்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும், மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. பிளஸ் டூ படிக்கிற பிள்ளை கேட்டான் என்பதற்காக சாவியை எடுத்துக் கொடுக்கிற அப்பாக்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

வீட்டுப் பெண்களின் கணக்கு

இவ்வளவு நேரமும் பேச்சு பையனைப் பற்றியே போய்க்கொண்டிருந்தது. "நான் தினமும் காலேஜுக்கு எப்படிப் போறேன்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள் தங்கச்சி.

அவள் போவது டவுன் பஸ்ஸில். டிக்கெட் இல்லை. 2021 மே 8-ம் தேதியிலிருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 'விடியல் பயணம்' என்று அதற்குப் பெயர். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. கர்நாடகத்தில் 2023 ஜூனில் இதே மாதிரி 'சக்தி' திட்டம் வந்தது. லக்ஸம்பர்க் என்கிற குட்டி ஐரோப்பிய நாட்டில் 2020-லிருந்து எல்லோருக்குமே பஸ்ஸும் ரயிலும் இலவசம்.

888 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்கலாம். அந்தக் காசு முன்பு வீட்டில் யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டிய காசு. இப்போது கேட்க வேண்டியதில்லை. வேலை தேடிப் போகவும், மருத்துவமனைக்குப் போகவும், அம்மா வீட்டைப் பார்த்துவிட்டு வரவும் யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

ஆனால், இந்தச் சலுகை டவுன் பஸ்ஸுக்குத்தான். திண்டிவனம் - விழுப்புரம் மாதிரி ஊர் விட்டு ஊர் போகிற வெளியூர் பஸ்களில் பெண்களும் டிக்கெட் எடுக்க வேண்டும். அதனால் விழுப்புரத்தில் வேலை கிடைத்த திண்டிவனத்துப் பெண்ணுக்கும் அதே 1,820 ரூபாய் செலவு உண்டு. செலவைவிடப் பெரிய கேள்வி, ராத்திரி எட்டரை மணிக்குக் கடை அடைத்த பிறகு எங்கே நின்று பஸ் ஏறுவது என்பது. நெடுஞ்சாலை என்பதால் ராத்திரி முழுக்க பஸ் ஓடுகிறது. நிற்கிற இடத்தில் வெளிச்சமும், நாலு பேர் நடமாட்டமும் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் பல வீடுகளில் பெண் பிள்ளை வேலைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். பஸ்ஸை விடுகிறவர்கள், நிழற்குடைக்கு ஒரு விளக்கும் போட்டால் அந்த முடிவு மாறும்.

மழை வந்தால் இரண்டும் ஒன்றுதான்

"பஸ்ஸை நம்பினா மழை நாள்ல மாட்டிப்போம்" என்று பையன் கடைசியாக ஒரு அம்பு விட்டான்.

2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2-ம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில்வே பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்ட, ரயில்கள் நிறுத்தப்பட்டன. விழுப்புரம் தாண்டி அரசூரில் நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஓடியது. அப்படிப்பட்ட நாளில் ரயிலும் போகாது, பஸ்ஸும் போகாது, வண்டியும் போகக் கூடாது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருப்பதுதான் நல்லது. சாதாரண மழை நாளில் ரெயின்கோட்டோடு பைபாஸில் போவதைவிட பஸ்ஸின் ஜன்னலோர சீட் எவ்வளவோ மேல்.

அப்பாவின் தீர்ப்பு

காலண்டர் தாள் நிரம்பிவிட்டது. அப்பா கீழே மூன்றாவதாக ஒரு தலைப்பு எழுதினார்: 'பாதி பாதி'.

வண்டி தேவைப்படுவது வீட்டிலிருந்து பஸ் ஏறும் இடம் வரைக்குமான மூன்று கிலோமீட்டருக்கு. அந்தத் தூரத்துக்கு வீட்டில் ஏற்கெனவே நிற்கிற அப்பாவின் பழைய எக்ஸ்எல் போதும். ஊருக்குள் வண்டி, பைபாஸில் பஸ். காலையில் எக்ஸ்எல்லை ஸ்டாண்டில் விட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். ராத்திரி இறங்கி வண்டியை எடுத்துக்கொண்டு வர வேண்டும். நேரம் ஒத்து வருகிற நாளில் பாசஞ்சர்.

பஸ்ஸுக்கு 1,820. விழுப்புரம் ஷேர் ஆட்டோவுக்கு 520. ஸ்டாண்டுக்கு நாளுக்கு 15 என்று 390. எக்ஸ்எல் பெட்ரோலுக்கு 300. மொத்தம் 3,030 ரூபாய். புது வண்டியோடு ஒப்பிட்டால் மாதம் 4,630 ரூபாய் மிச்சம். ஒரு வருடத்துக்கு 55,560 ரூபாய்.

"இந்த மிச்சத்தை அப்படியே அஞ்சலகத்துல ஆர்.டி போடு தம்பி. ரெண்டு வருஷம் முடியறதுக்குள்ள ஒரு லட்சம் சேர்ந்துடும். அப்பவும் உனக்கு வண்டி வேணும்னா, கடனே இல்லாம எடு. நானே வந்து வாங்கித் தர்றேன்."

எல்லா வீட்டுக்கும் இதே விடை வராது. ராத்திரி 2 மணிக்கு ஷிஃப்ட் முடிகிறவருக்கு, பஸ்ஸே வராத கிராமத்தில் இருப்பவருக்கு, பையில் சாமான் சுமந்து நாலு ஊர் சுற்றி வியாபாரம் செய்பவருக்கு வண்டிதான் சரி. வயதானவரை மாதா மாதம் மருத்துவமனைக்கு அழைத்துப்போகிற வீட்டுக்கு ஆட்டோவோ காரோதான் சரி. ஆனால், வாங்குவதற்கு முன்னால் ஒரு காலண்டர் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டுப் பாருங்கள். பெட்ரோலோடு நிறுத்தாமல் தவணை, சர்வீஸ், ஸ்டாண்டு, ஷேர் ஆட்டோ எல்லாவற்றையும் எழுதுங்கள். முடிந்தால் ஒரு மாதம் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வண்டியை அடுத்த மாதமும் வாங்கலாம்.

பையனுக்கு அரை மனசுதான். "ஒரு மாசம் பார்க்கறேன்" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் ராத்திரி ஒன்பதே கால். அம்மா அடுப்படியில் தோசைக்கல்லைப் போடாமல் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டியில் வருகிற பிள்ளைக்கு எந்த அம்மாவும் போன் போடப் பயப்படுவார். ஓட்டிக்கொண்டே எடுத்துப் பேசினாலும் பயம், எடுக்காவிட்டாலும் பயம்.

வாட்ஸ்அப்பில் 'டிங்' என்று சத்தம்.

"விக்கிரவாண்டி தாண்டிட்டேன்மா. சீட் கெடச்சுது. ரெண்டு தோசை போதும்."

அம்மா அடுப்பைப் பற்றவைத்தார்.